மாப்பிள்ளை முகம் ஏன் கறுத்துப்போகிறது? – கேமரா செட்டிங் பற்றி ஒரு இழை

கேள்வி – 2024 ஜூலை 19, இரவு 9.40

அண்ணே, போன மாசம் தங்கச்சி கூட்டாளி கல்யாணத்துக்கு நானே படம் எடுத்தேன். ஏ மோடு, எஃப் 2.8. மாப்பிள்ளை நல்ல கறுப்பு. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டை சரியா வந்திருக்கு, முகத்துல கண்ணும் பல்லும் தவிர ஒண்ணும் தெரியல. வெளிச்சம் பத்தலைன்னு ஐஎஸ்ஓவை 800லேருந்து 3200க்கு ஏத்தினேன். அப்பவும் அதே இருட்டு, ஒரு பொட்டு கூட மாறல. கேமரா கோளாறா, லென்ஸ் கோளாறா?

பதில் – ஜூலை 19, இரவு 11.15

கோளாறு ஒன்றும் இல்லை தம்பி. முதலில் ஐஎஸ்ஓ விஷயம், அதாவது வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண். ஏ மோடில் லென்ஸின் துவாரத்தை (எஃப் எண், எண் சிறுத்தால் துவாரம் பெரிது) நீ சொல்கிறாய், ஷட்டர் வேகத்தை (எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை) கேமரா முடிவு செய்கிறது. நீ ஐஎஸ்ஓவை நாலு மடங்கு ஏற்றினால் கேமரா ஷட்டரை நாலு மடங்கு வேகமாக்கிவிடும். கணக்கு சமன். அந்த இரண்டு படங்களின் விவரத்தைத் திறந்து பார். முதல் படத்தில் 1/60 இருந்தால் அடுத்ததில் 1/250 இருக்கும். உனக்குக் கிடைத்த லாபம் கை நடுக்கம் குறைந்தது, நஷ்டம் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தது. வெளிச்சம் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது முகம். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு மாப்பிள்ளையும் தெரியாது, சட்டையும் தெரியாது. எதிரில் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் அது அளக்கிறது. பழைய ஆட்கள் 18% சாம்பல் என்பார்கள், அதற்கென்றே அட்டையும் விற்கிறது. சட்டகம் முழுக்க வெள்ளை வேட்டியும் சட்டையும் நிறைந்திருந்தால், 'இவ்வளவு வெளிச்சமா' என்று அது படத்தை இருட்டாக்கும். வெள்ளையைச் சாம்பலை நோக்கி இழுக்கும்போது, ஏற்கெனவே கறுத்த முகம் அடி ஆழத்துக்குப் போய்விடுகிறது.

மருந்து: எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். கேமரா வைக்கும் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் பிளஸ், மைனஸ் போட்ட பட்டன். வெள்ளை உடுப்புக்காரருக்கு பிளஸ் 1 (ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு) வைத்து எடு.

ஜூலை 20, காலை 6.50

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பிளஸ் 1 என்று எழுதிவிட்டேன். அதை அப்படியே மனப்பாடம் பண்ணிவிடாதே. சட்டையில் மடிப்பும் நெசவும் தெரிகிற வரைக்கும்தான் ஏற்ற வேண்டும். அதைத் தாண்டினால் சட்டை பர்ன் ஆகி, விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடும். பர்ன் ஆன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பின்னால் திரையில் பர்ன் ஆன இடம் மினுக்மினுக்கென்று அடிக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு, மெனுவில் தேடி அதை ஆன் செய்துவை. சட்டைக் காலர் மினுக்கினால் மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்கு.

ஜூலை 21, மதியம்

இன்று காலை வீட்டு முற்றத்தில் சோதித்தேன். என் சித்தப்பா மகன் நல்ல கறுப்பு, நிழலில் உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டையோடு இடுப்புவரை எடுத்தபோது கேள்வியில் இருக்கும் அதே கதைதான். பிறகு சட்டையே தெரியாமல் முகத்தை மட்டும் சட்டகம் நிறைய வைத்து எடுத்தேன். இப்போது தலைகீழ். கேமரா கறுத்த முகத்தைப் பார்த்து 'இருட்டு' என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுகிறது. கன்னம் வெளுத்து, நெற்றியில் சாம்பல் பூத்து, ஆளே வேறு ஆள். மைனஸ் மூன்றில் இரண்டு வைத்த பிறகுதான் அவன் அவனாக வந்தான்.

ஆக ஒரே ஆள், ஒரே நிழல், ஒரே கேமரா. சட்டை தெரிந்தால் பிளஸ், தெரியாவிட்டால் மைனஸ். முந்தாநாள் நான் எழுதியது பாதி உண்மைதான். 'கறுப்பு ஆளுக்குப் பிளஸ் வை' என்று சொல்லித்தருகிறவர்கள் நிறையப் பேர், நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறேன். ஆளைப் பார்த்து வைக்கக் கூடாது, சட்டகத்தில் என்ன நிறைந்திருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும்.

புதுக் கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதை வைத்து அளக்கின்றன என்பது தெரியும். அங்கேயும் கவனம் வேண்டும். முகத்தைக் கண்டுபிடித்தபின் அதை எவ்வளவு வெளிச்சமாக்குவது என்ற முடிவு இன்னும் கேமராவிடம்தான் இருக்கிறது.

ஜூலை 21, இரவு

ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் பயன்படுத்தினால் தீராதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தீராது. ஸ்பாட் மீட்டரும் தொட்ட இடத்தை நடுச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். கறுத்த கன்னத்தில் தொட்டால் கன்னம் வெளுக்கும், வெள்ளைச் சட்டையில் தொட்டால் சட்டை அழுக்காகும். தொட்ட இடம் நடுச் சாம்பலுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று நீ சொல்ல வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் சோன் சிஸ்டம் என்று வகுத்தார்களே, அதன் அடிப்படையே இதுதான்: மீட்டர் சொல்வது ஒரு எண், அதை எந்தப் படியில் வைப்பது என்பது எடுக்கிறவன் தீர்மானம்.

நான் செய்வது உள்ளங்கை. மனிதர்களின் தோல் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளங்கையில் அந்த வித்தியாசம் குறைவு. மாப்பிள்ளை நிற்கும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டி, உள்ளங்கையில் அளந்து, அதற்கு மேல் ஒரு ஸ்டாப் ஏற்றி, எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடில் பூட்டிவிடுவேன். என் கைக்கு ஒரு ஸ்டாப். உன் கைக்கு எவ்வளவு என்பதைச் சாம்பல் அட்டையோடு ஒரு முறை ஒப்பிட்டு வைத்துக்கொள். அப்புறம் மாப்பிள்ளை சட்டையோடு நின்றாலும், மேல் துண்டை மட்டும் போட்டு ஓமத்தில் உட்கார்ந்தாலும், முகம் மாறாது. வெளிச்சம் மாறும்போது மட்டும் மறுபடி கையை நீட்டு.

ஜூலை 24

ஆடி மாசம், கையில் கல்யாணம் இல்லை. எழுத நேரம் கிடைக்கிறது. துவாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியில் எஃப் 2.8 என்று பார்த்ததும் எனக்கு ஒரு அம்மா ஞாபகம் வந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் 85 மிமீ லென்ஸ் வாங்கிய புதிது. எஃப் 1.4இல் எடுத்தால் பின்னால் இருக்கும் சீரியல் செட் எல்லாம் பூப்பூவாகக் கரைகிற அழகில் கிறுகிறுத்துப் போயிருந்தேன். தாலி கட்டும் நேரம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார், மற்ற முடிச்சுகளை நாத்தனார் போட்டார். பொண்ணு முகம் கண்ணாடி மாதிரி ஷார்ப். ஆல்பம் கொடுத்த அன்று நாத்தனார் அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிச்சுப் போட்டது நான்தானே தம்பி, என் கை எங்கே?" என்று கேட்டார். கை மங்கலாக ஒரு மஞ்சள் பட்டையாகத்தான் இருந்தது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

கணக்கைப் பார். முழு அளவு சென்சார், 85 மிமீ, ஒன்றரை மீட்டர் தூரம். எஃப் 1.4இல் தெளிவாக வரும் ஆழம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மூக்குத்தியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். எஃப் 4இல் அது ஏழு சென்டிமீட்டர் சொச்சம். இரண்டு மடங்கு தள்ளி, மூன்று மீட்டரில் நின்றால் அதே எஃப் 4இல் 30 சென்டிமீட்டர் கிடைக்கும். பொண்ணு முகமும் நாத்தனார் கையும் அதற்குள் அடங்கிவிடும். துவாரத்தை மூடுவதைவிடத் தள்ளி நிற்பது அதிகம் தருகிறது என்பதைக் கவனி.

இதற்கு ஒரு விலை உண்டு. 1.4, 2, 2.8, 4. மூன்று ஸ்டாப் வெளிச்சம் போகிறது. ஐஎஸ்ஓ 800 இருந்த இடத்தில் 6400 வேண்டும். பயப்படாதே. முகம் சரியான வெளிச்சத்தில் இருக்கும் 6400 படம், இருட்டாக எடுத்து வீட்டில் வந்து தூக்கிவிட்ட 1600 படத்தைவிடச் சுத்தமாக இருக்கும். நாய்ஸ் முதலில் குடியேறுவது நிழலில்தான். கறுத்த முகத்தை இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கினால் கன்னம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொடி கிளம்பும். அதை அமுக்க நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கூட்டினால் மெழுகு பொம்மை.

தாலி கட்டும்போது நான் இப்போது எஃப் 4க்குக் கீழே இறங்குவதில்லை.

ஜூலை 24, பின்னிரவு

தூரம் என்றதும் இன்னொன்று. கிட்டே போய் மொபைலில் எடுத்தால் மூக்கு பெரிதாகிறது என்று லென்ஸைத் திட்டுகிறார்கள். மூக்கைப் பெரிதாக்குவது தூரம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கு காதைவிட ரொம்பப் பக்கம், இரண்டு மீட்டருக்குப் போனால் அந்த வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போகும். தள்ளி நின்று ஜூம் பண்ணு.

ஜூலை 27

"எனக்கு மண்டபத்தில் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுகிறது, ஷட்டர் பழுதா" என்று ஒரு நண்பர். பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 தரம் அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/250இல் எடுத்தால் படத்தில் தெரிந்துவிடும். 1/50 அல்லது 1/100 வை. ஒளியின் ஏற்ற இறக்கம் முழுசாக உள்ளே அடங்கிவிடும், பட்டை போய்விடும். சத்தமில்லாமல் எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்தில் தவிர்.

1/50இல் எடுத்தால் அட்சதை கோடு கோடாக விழும், 1/500இல் ஒவ்வொரு அரிசியும் காற்றில் நிற்கும். எனக்குக் கோடுதான் பிடிக்கும். அரிசி நின்றுபோன படத்தில் யாரோ எறிந்தார்கள் என்ற உணர்வே வருவதில்லை. முகூர்த்தம் முழுக்க 1/100, அட்சதைக்கு மட்டும் 1/50, மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில். பத்துக்கு மூன்று படம் கலங்கும். ஏழு போதும்.

ஜூலை 28

திருத்தம். மேலே சொன்னது நேராக மின்சாரத்தில் எரியும் விளக்குகளுக்கு. மேடைக்குப் பின்னால் பெயர் ஓடும் எல்ஈடி திரை வேறு ஜாதி. அது மின்சாரத்தின் 50ஐப் பின்பற்றாது, அதன் துடிப்பு பல மடங்கு வேகம். அதற்கு ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பட்டை மறையும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ரிசப்ஷன் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் அதைப் பார்த்துவைப்பது என் வழக்கம்.

ஆகஸ்ட் 1

இந்த இழையில் நான் எழுத நினைத்ததே இன்று எழுதப்போவதுதான். தள்ளித் தள்ளிப் போட்டேன்.

வொயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கு ஏற்றபடி படத்தின் நிறத்தைச் சமன் செய்வது. ஆட்டோவில் வைத்தால் கேமரா என்ன செய்கிறது? சட்டகத்தில் உள்ள எல்லா நிறத்தையும் கலக்கினால் சாம்பல் வரவேண்டும் என்று நினைக்கிறது. மஞ்சள் கூடினால் நீலத்தைச் சேர்க்கும். நலங்கு வைக்கும்போது பொண்ணு முகத்தில் மஞ்சள், பின்னால் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள், குத்துவிளக்கு. எல்லாம் சேர்ந்து கேமராவுக்கு 'மஞ்சள் கூடுதல்' என்று படுகிறது. நீலத்தை ஊற்றுகிறது. மஞ்சள் பூசிய மாநிறம் சாம்பலாகிப் போகிறது. முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பழுப்பு நிறத்தையே அது தவறு என்று எடுத்துக்கொள்கிறது.

வெளிச்சத்திலும் சாம்பலை நோக்கி இழுப்பு, நிறத்திலும் சாம்பலை நோக்கி இழுப்பு. கேமரா நம் தோலைப் பார்த்துத் திருத்த வேண்டிய பிழை என்று நினைக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் தாமதமாகத்தான் புரிந்தது.

செய்ய வேண்டியது எளிது. கெல்வினை (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) நீயே வை. பகல் வெயில் 5500 பக்கம், பழைய குண்டு பல்ப் 2700 முதல் 3200, விளக்குத் திரி 1900 பக்கம். குத்துவிளக்கு வெளிச்சத்தில் 1900 வைத்தால் சுடர் வெள்ளையாகிவிடும், அப்படி யாரும் விளக்கைப் பார்த்ததில்லை. நான் 3800 வைப்பேன். மஞ்சள் மிஞ்சி நிற்கும். நிற்கட்டும். பிளாஷ் அடித்தால் அதன் வாயில் ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பரை ஒட்டு, அப்போது பிளாஷும் விளக்கும் ஒரே குடும்பத்து நிறமாகும்.

ஆகஸ்ட் 1, இரவு

எல்ஈடி விளக்கு வாங்குகிறவர்கள் சிஆர்ஐ எண்ணை (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அதில் இல்லை, அதை ஆர்9 என்று தனியாகச் சொல்வார்கள். ஆர்9 குறைந்த விளக்கின் கீழ் மாநிறமும் கறுப்பும் பச்சை ஏறி, உயிர் போன மாதிரி இருக்கும். அந்தச் சிவப்பு விளக்கில் இல்லவே இல்லை என்றால் எந்தக் கெல்வின் வைத்தும் வராது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

இன்று தாமிரபரணிக் கரையில் படையல். வெயிலுக்கு ஒதுங்கி மருத மர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். கறுத்த முகம், நெற்றியில் வேர்வை, பக்கத்தில் காயப்போட்ட வெள்ளை வேட்டி. அந்த வேட்டியிலிருந்து திரும்பி வந்த வெளிச்சம் கன்னத்தில் நீளமாக ஒரு பளபளப்புக் கோடு போட்டிருந்தது. வெளுத்த முகத்துக்கு வடிவம் தருவது நிழல். கறுத்த முகத்துக்கு வடிவம் தருவது இந்தப் பளபளப்பு. கன்ன எலும்பு எங்கே ஏறுகிறது, தாடை எங்கே திரும்புகிறது என்று அதுதான் காட்டும். பவுடர் போட்டு அதை அழித்துவிட்டு, நேர் எதிரில் பிளாஷ் அடித்தால் முகம் தட்டையாகிறது. அப்புறம் 'கறுப்பு முகம் போட்டோவுக்கு எடுக்காது' என்று பேச்சு.

பெரிய வெளிச்சம், பக்கவாட்டில். ஜன்னல் போதும். ஜன்னல் இல்லாவிட்டால் பந்தல் வாசல்.

ஆகஸ்ட் 6

'பழைய ஃபிலிம்தான் நம் நிறத்துக்கு நியாயம் செய்தது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஃபிலிமில் தொழில் படித்தவன், அதனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது.

கோடக் கம்பெனி 1950களின் நடுவிலிருந்து லேப்களுக்கு ஷெர்லி கார்டு என்று ஒன்றை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பிரிண்ட் போடுகிறவர் அந்தப் பெண்ணின் தோல் சரியாக வரும்படி மெஷினைத் திருத்திக்கொள்வார். மற்ற தோல் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. கறுப்பின மக்களின் படங்கள் மோசமாக வந்தது பற்றிய குறையைவிட, சாக்லேட்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் 'எங்கள் பழுப்பு நிறங்கள் ஒன்றுபோல் விழுகின்றன' என்று சொன்ன குறைக்குத்தான் முதலில் காது கொடுத்தார்கள். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வந்தது 1990களில். 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கறுத்த தோலையும் சரியாகக் காட்ட ரியல் டோன் என்று கொண்டுவந்ததே, அதுவும் இதே கடனைத் தீர்க்கும் முயற்சிதான்.

அதற்கும் முன்னால் ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகள், படம் பதியும் கண்ணாடித் தகடுகள். சிவப்பு அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய விட முடிந்தது. மாநிறத் தோலில் இருப்பது சிவப்பும் மஞ்சளும். சிவப்பு தெரியாத தகட்டில் அது இன்னும் கறுத்துத்தான் விழும். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பூட்டனார் அவ்வளவு கறுப்பாக இருந்திருக்க மாட்டார்.

நம் ஸ்டுடியோக்களையும் விட்டுவிட முடியாது. எனக்குத் தொழில் சொல்லித் தந்த மாஸ்டர் நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்வார். நெகடிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். முதலில் சுருக்கத்துக்கும் தழும்புக்கும் வந்த பென்சில் பிறகு கன்னம் முழுக்க ஓடியது. "நல்லா சிவப்பா போட்டுக் குடுங்க" என்று கேட்காத வீடு இல்லை. நம் மொழியில் சிவப்பு என்றால் வெளுப்பு, கலர் என்றாலும் வெளுப்பு.

ஆகஸ்ட் 6, கொஞ்ச நேரம் கழித்து

இதன் இன்னொரு பக்கம்: கறுப்பு வெள்ளையில் எடுக்கிறவர்கள் கேமராவிலேயே இருக்கும் ஃபில்டர் எஃபெக்டை மாற்றிப் பாருங்கள். சிவப்பு வைத்தால் தோல் ஒளிரும், உதடு மறையும். பச்சை வைத்தால் தோல் ஆழமாகும், ஒவ்வொரு ரேகையும் பேசும். உழைத்த முகங்களுக்கு நான் பச்சை.

ஆகஸ்ட் 9

டச்சிங் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் இருந்தால் தப்பு.

2011இல் ஒரு வீட்டில் பெரியவர் காலமானார். மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும் என்று மகன் வந்தார். தனியாக ஒரு படம்கூட இல்லை. நான் எடுத்த மகள் கல்யாணத்து குரூப் போட்டோவில் வெள்ளைச் சட்டையோடு ஓரத்தில் நின்றிருந்தார். சட்டையால் முகம் இருண்டிருந்தது, இந்த இழையின் முதல் கேள்வியில் இருக்கும் அதே தவறு. நான் முகத்தை வெட்டி எடுத்து, வெளிச்சத்தை ஏற்றி, தெரிந்த வெளுப்பை எல்லாம் பூசி, பின்னால் நீல வானம் வைத்து, 12க்கு 15இல் ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். மகனுக்குத் திருப்தி. மகனோடு வாங்க வந்திருந்த அவருடைய அம்மா படத்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெயில்ல நின்ன மனுசன்யா அவரு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13

கேள்வி கேட்ட தம்பி, நீ ஜேபெக்கில் (கேமராவே சுருக்கித் தரும் படம்) எடுத்தாயா, ராவில் (சென்சார் பதிந்தது அப்படியே) எடுத்தாயா என்று இன்னும் சொல்லவில்லை. ஜேபெக் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். 14 பிட் ரா என்றால் 16,384. இருட்டான முகத்தைத் தூக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, அரக்குப் பட்டு. முகத்தைச் சரியாக வைத்த பிறகும் சேலை ஒரே சிவப்புக் கட்டியாக, ஜரிகை தவிர நெசவே தெரியாமல் வருகிறதா? சாதா ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நல்லபடி காட்டும், சிவப்பு மட்டும் தனியாக பர்ன் ஆகியிருக்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணிப் பார். பிக்சர் ஸ்டைலில் நிறச்செறிவை ஒரு படி இறக்கினால் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் உண்மைக்குப் பக்கத்தில் வரும். சேலைக்காரர்கள் முகத்தை அடுத்துப் பார்ப்பது நெசவைத்தான்.

ஆகஸ்ட் 20

ஆவணி பிறந்தாயிற்று, வேலை வந்துவிட்டது. சுருக்கமாக.

இந்த வாரக் கல்யாணத்துப் படங்களை லேப்புக்கு அனுப்பினேன். பிரிண்ட் வந்ததும் பார்த்தால் எல்லா முகமும் இரண்டு படி வெளுத்திருக்கிறது. அங்கே ஆட்டோ கரெக்‌ஷன். நாலு மணி நேரம் திரையில் உட்கார்ந்து நான் வைத்த நிறத்தை மெஷின் ஒரு நொடியில் கழுவிவிட்டது. நேரில் போனேன். ஆபரேட்டர் நல்ல பையன். "எல்லாரும் இப்படித்தான் அண்ணே கேக்காங்க" என்றான். கரெக்‌ஷனை நிறுத்தி, பக்கத்தில் நின்று, மறுபடி போட்டு வாங்கினேன். இனி ஆர்டரிலேயே 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று எழுதி அனுப்பு. எழுதியும் முதல் பிரிண்டைப் பார்க்காமல் ஆல்பத்துக்கு விடாதே.

ஆகஸ்ட் 29

2011 டிவிடிகள் பரணில் இருந்தன. அந்த வீட்டுக் கல்யாணத்து டிவிடி மூன்றில் இரண்டு படிக்கவில்லை, மூன்றாவது படித்தது. குரூப் போட்டோ அதில்தான் இருந்தது. ஜேபெக்தான், அதனால் ரொம்பத் தூக்க முடியவில்லை. ஒரு ஸ்டாப் சொச்சம் தூக்கினேன். நாய்ஸ் கிளம்பியது, அப்படியே விட்டேன். நீல வானம் வைக்கவில்லை, பின்னால் பந்தல் துணியே இருக்கட்டும் என்று விட்டேன். நெற்றியில் வேர்வையின் பளபளப்பு இருந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் முதல் வேலையாக அழித்தது அதைத்தான்.

அதே 12க்கு 15, மேட் பேப்பர். இன்று சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, பழையதை இறக்கிவிட்டு அந்த ஆணியிலேயே இதை மாட்டச் சொன்னார். மாலையைப் பழைய ஃபிரேமிலிருந்து எடுத்து அவரே போட்டார்.

தம்பி, உன் மாப்பிள்ளை படத்தை அனுப்பு. ரா இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.